பேத்தியின் ஃபீஸ் மூன்று மடங்காகுமா?

கேள்வி: மகள் குடும்பம் 8 வருடமாக டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு எச்1பி வேலை விசா, பேத்திக்கு அதைச் சார்ந்த எச்4 குடும்ப விசா. அடுத்த வருடம் அவளுக்குக் கல்லூரி. டெக்சாஸில் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கான குறைந்த கட்டணத்தை, அதாவது உள்மாநிலக் கட்டணத்தை, ரத்து செய்துவிட்டார்களாமே? வெளிமாநிலத்தவருக்கு மூன்று மடங்குக்கு மேல் ஆகும் என்கிறார்கள். கேட்டால் மகள், ‘ஒண்ணும் இல்லப்பா’ என்கிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.
- வாசகர், பீளமேடு

பதில்: ஐயா, உங்கள் மகள் உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை, நிஜத்தைத்தான் சொல்கிறார். ரத்தானது வேறு.

விசா, குடியுரிமை எதுவும் இல்லாவிட்டாலும், டெக்சாஸில் மூன்று வருடம் இருந்து அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு உள்மாநிலக் கட்டணம் என்று 2001இல் ஒரு சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் பெரி. 2025 ஜூன் 4 அன்று மத்திய அரசு அதன்மேல் வழக்குப் போட்டது. மாநில அரசு எதிர்த்து ஒரு வார்த்தை வாதாடவில்லை. அன்றைக்கே நீதிபதி நிரந்தரத் தடை போட்டுவிட்டார். 24 வருடச் சட்டம் ஒரே நாளில் போனது. ஃப்ளோரிடாவில் சட்டமன்றமே இதே போன்ற சலுகையை 2025 ஜூலை முதல் எடுத்துவிட்டது. கைக்குழந்தையாக வந்து, டெக்சாஸைத் தவிர வேறு ஊரே தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள்தான் இதில் மாட்டிக்கொண்டவர்கள். என் மனதுக்கு இது நியாயமாகப் படவில்லை.

உங்கள் பேத்தி கதை வேறு. டெக்சாஸ் விதிப்படி எச்4 உள்ளவர்களும் அங்கே நிலையான குடியிருப்புக்கு (கிரீன் கார்டு அல்ல, உள்மாநிலக் கட்டணத்துக்கான ‘டொமிசைல்’) உரிமை கோரலாம். பெற்றோர் 12 மாதமாவது அங்கே குடியிருந்ததற்குக் காகிதம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் காகிதத்தை அலட்சியமாக விடாதீர்கள். என் பையனுக்கு வந்த முதல் பில்லிலேயே ‘வெளிமாநிலத்தவர்’ என்று இருந்தது. எச்4 என்று பார்த்ததும் யாரோ அவனை வெளிநாட்டு மாணவர் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். ஐ-797 என்ற விசா அனுமதிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், என் கணவரின் சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஊரிலிருந்து கொண்டுவந்த கல்யாண மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். கவுன்டர் பெண் பையைத்தான் முதலில் பார்த்தாள். பில் திருந்தி வர மூன்று வாரம் ஆனது. அதுவரை நானும் உங்களைப் போலத்தான், தூக்கமில்லை.

அப்புறம், பேத்தியின் வயதை நீங்கள் எழுதவில்லையே. 21 ஆனால் எச்4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் பெரும்பாலும் எஃப்1 மாணவர் விசாவுக்குத்தான் போக வேண்டியிருக்கும். எஃப்1ஐ வைத்து அங்கே நிலையான குடியிருப்பைக் கோர முடியாது. அதனால் விசா மாற்ற மனு போடுவதற்கு முன்பே, கட்டணம் என்ன ஆகும் என்று கல்லூரியில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.