அப்பாவின் கார், அம்மாவின் சீரியல்

கேள்வி: அப்பாவின் 2006 மாடல் மாருதி 800-ஐ ஒரு புரோக்கர் கேட்கிறார். "படிவம் 29, 30 ரெண்டிலும் கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? அம்மாவின் கவலை வேறு. வருஷக்கணக்காகப் பார்த்த சீரியல் முடிந்துவிட்டது. கடைசி எபிசோடுகளை செட்டாப் பாக்ஸில் ஹார்ட் டிஸ்க் செருகிப் பதிவு செய்திருக்கிறார். லேப்டாப்பில் திறக்கவில்லை. பாக்ஸையும் மாற்றப்போகிறோம்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: படிவம் 29, 30 இரண்டும் வண்டியின் பெயர் மாற்றத்துக்கானவை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். வண்டி நாலு கை மாறினாலும், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே அப்பா கையெழுத்துப் போடட்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். புரோக்கர் அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் படிவம் 29-சி கேளுங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். பதிவின் 15 வருஷக் கெடு 2021-இல் முடிந்திருக்கும். புதுப்பித்திருந்தால் சரி, இல்லையென்றால் பெயர் மாற்றம் நகராது. பழைய கடன் பதிவு அதில் இன்னும் நின்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் அந்தக் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும்.

சாவி கொடுக்கும் அன்று டெலிவரி நோட் (வண்டியை ஒப்படைத்ததற்கான சீட்டு) எழுதுங்கள். தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும்: அன்று மாலையே வண்டி எங்காவது இடித்தால் அந்த ஒரு வரிதான் பேசும். ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருஷங்களுக்கான இன்சூரன்ஸ் தள்ளுபடி) வண்டியோடு போகாது, அது அப்பாவுடையது. சான்று வாங்கி வைத்தால் 3 வருஷத்துக்குள் வாங்கும் காருக்கு உதவும்.

வண்டி ஓடும் நிலையில் இல்லையா? காயலான் கடையில் எடைக்குப் போட்டால் ஆர்.சி. உயிரோடேயே இருக்கும். பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, வண்டியை ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டினால் புதுக் காருக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது.

இனி அம்மாவின் டிஸ்க். பழுது ஒன்றுமில்லை. செட்டாப் பாக்ஸ் பதிவுகளைப் பூட்டித்தான் எழுதும். சாவி அதே பாக்ஸுக்குள் இருக்கிறது. லேப்டாப் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். சம்மதித்தால் எல்லாம் அழிந்துவிடும். பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தாலும் பதிவு திறக்காது. பல பாக்ஸ்களில் சந்தா நின்றாலே திறக்காது. எனவே பழைய பாக்ஸ் இருக்கும்போதே அம்மா ஆசைதீரப் பார்த்துவிடட்டும். சேனலின் செயலியில் அந்த எபிசோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பாக்ஸை மாற்றுங்கள்.