பலகையில் பெயரில்லாத லைன்கள்: அலுவலக டெலிபோன் குறித்த கேள்வி பதில்

அலுவலக டெலிபோன் அமைப்பில் எது எங்கே போகிறது என்று தெரியாமல் தவிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: புதிதாகப் பொறுப்பேற்ற இடத்தில் எம்.டி.எஃப் (எல்லா டெலிபோன் ஒயர்களும் வந்து சேரும் பலகை) முழுக்க ஜம்பர் ஒயர்கள் (பலகையில் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு இணைக்கும் ஒயர்கள்). எதிலும் பெயர் இல்லை. எங்கே தொடங்குவது சார்?

ஒயரில் கை வைக்காமல் தொடங்குங்கள். முதலில் பலகையை வரிசை வரிசையாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடந்த ஓராண்டு டெலிபோன் பில்களை வாங்கி, அதிலுள்ள எல்லா எண்களையும் சர்க்யூட் எண்களையும் (லைனுக்கு சேவை கொடுப்பவர் வைத்திருக்கும் அடையாள எண்) ஒரு தாளில் எழுதுங்கள். பிபிஎக்ஸில் (அலுவலகத்துக்குள் இருக்கும் சொந்த எக்ஸ்சேஞ்ச்) உள்ள டிரங்க் பட்டியல், அதாவது வெளி லைன்களின் பட்டியல், இன்னொரு தாளில். பலகையில் கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது தாளில். மூன்றிலும் ஒத்துப்போகிற லைன்களை ஓரம் கட்டிவிடுங்கள். ஒத்துப்போகாதவற்றைத்தான் நீங்கள் தேட வேண்டும். பெரும்பாலும் அவை நீங்கள் பயந்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையவே. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் சாதாரண அனலாக் லைன், யாரும் பேசாதபோது சுமார் 48 வோல்ட் டிசி காட்டும். ரிசீவரை எடுத்தால் 10 வோல்ட்டை ஒட்டி இறங்கிவிடும். மணி அடிக்கும்போது ஏசியில் வைத்துப் பார்த்தால் 70, 90 வோல்ட் என்று ஏறும், அந்த நேரத்தில் வெறும் விரலை வைக்காதீர்கள். பல பிபிஎக்ஸ்கள் அனலாக் எக்ஸ்டென்ஷனுக்கு 24 வோல்ட் அளவில்தான் கொடுக்கும். அதனால் 48ஆ 24ஆ என்பதே வெளி லைனா உள் லைனா என்பதற்கு ஒரு துப்பு. துப்பு மட்டும்தான், 48 கொடுக்கும் பிபிஎக்ஸ்களும் உண்டு.

100 வோல்ட்டுக்கு மேல் நிலையாக டிசி காட்டினால் உடனே விலகிவிடுங்கள். தொலைவிலுள்ள கருவிக்கு மின்சாரமும் சேர்த்து அனுப்பும் டேட்டா சர்க்யூட்டாக இருக்கலாம். சுழியம் காட்டினால் செத்த லைன் என்று எழுதிவிடாதீர்கள். டயல் டோனே இல்லாமல் இரண்டு இடங்களை நேராக இணைக்கும் ஜோடிகளும் (ஒரு லைனுக்கான இரண்டு ஒயர்கள்) உண்டு.

கேள்வி: டயல் டோன் வருகிறது, எண் தெரியவில்லை.

டெஸ்ட் போனை (ஒயரில் நேராக மாட்டிச் சோதிக்கும் போன்) மாட்டி, முதலில் மானிட்டர் நிலையில், அதாவது லைனை எடுக்காமல், கேளுங்கள். யாரும் பேசவில்லை, மோடம் சத்தமும் இல்லை என்றால் உங்கள் மொபைலுக்கு டயல் செய்யுங்கள். திரையில் வரும் எண்தான் விடை. வெளியே பேச முடியாதபடி அடைக்கப்பட்ட லைன் என்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: பில்லில் மிச்சமிருக்கும் எண்களை மொபைலிலிருந்து ஒவ்வொன்றாக அழைத்து, எந்த ஜோடியில் மணி வருகிறது என்று பாருங்கள்.

கேள்வி: டோனர் (ஒயரில் சத்தம் அனுப்பி மறுமுனையைத் தேட உதவும் கருவி) வைத்துத் தேடினால் பக்கத்து ஒயர்களிலும் சத்தம் கேட்கிறது. எது சரியான ஜோடி என்று எப்படி முடிவு செய்வது?

ஒரே கட்டில் ஓடும் ஒயர்களில் சத்தம் கசியத்தான் செய்யும். உரக்கக் கேட்கும் ஜோடியைப் பிடித்து, அதன் இரண்டு ஒயர்களையும் ஒரு நொடி ஒன்றோடொன்று தொடவிடுங்கள். சத்தம் அப்படியே அடங்கினால் அதுதான். அடங்காவிட்டால் அடுத்த ஜோடி. உபயோகத்தில் இல்லை என்று உறுதியான ஜோடியில் மட்டுமே டோனரைப் போடுங்கள்.

கேள்வி: டிஜிட்டல் எக்ஸ்டென்ஷனில் டெஸ்ட் போன் போடலாமா?

வேண்டாம். அந்த இணைப்பு அறுந்துபோகலாம், சில கருவிகள் கெட்டும் போகும். போர்ட் எண்ணை பிபிஎக்ஸ் புரோகிராமிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு வருடமாக பிபிஎக்ஸின் அழைப்புப் பதிவில் ஒரு அழைப்புகூட இல்லாத இரண்டு லைன்கள் இருக்கின்றன. செலவைக் குறைக்கச் சொல்கிறார்கள். சரண்டர் செய்துவிடலாமா?

தயவுசெய்து பொறுங்கள். பிபிஎக்ஸ் வழியாகப் போகாத லைனின் அழைப்பு பிபிஎக்ஸ் பதிவில் எப்படி வரும்? லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போன், தீ எச்சரிக்கைப் பலகை, திருட்டு அலாரம் எல்லாமே பெரும்பாலும் தனி லைனில் நேராகப் போகும். பல மாதங்கள் ஒரு சத்தமும் இருக்காது. தேவைப்படும் அந்த ஒரு நாளில் இல்லாவிட்டால், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதனால் முதலில் லிஃப்ட் போனிலிருந்தே அழைத்துப் பாருங்கள். அலாரம் பலகைக்குப் போகும் ஒயரைக் கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். அலாரத்தைக் கண்காணிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு சோதனை அழைப்பு அனுப்பச் சொல்லுங்கள், எந்த லைன் எடுக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த மூன்றிலும் சேராத லைனை மட்டும் ஜம்பரைக் கழற்றி, சீட்டு கட்டி, இரண்டு பில் காலம் அப்படியே தொங்கவிடுங்கள். யாரும் தேடி வராவிட்டால் சரண்டர் செய்யலாம். “கழற்றிப் பார்ப்போம், யார் கத்துகிறார்கள் பார்ப்போம்” என்ற முறையை உயிர் சம்பந்தப்பட்ட லைனில் ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கே கத்துவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: கண்டுபிடித்ததை எப்படிப் பதிவு செய்வது?

எக்செலில் ஒரு ஜோடிக்கு ஒரு வரி போதும். பலகையில் எந்த வரிசை, எத்தனையாவது ஜோடி, ஒயரின் நிறம், எண், பில்லில் உள்ள சர்க்யூட் எண், மறுமுனை எந்த அறையில், என்ன உபயோகம், பழுதானால் யாரைக் கூப்பிடுவது, கடைசியாகச் சோதித்த தேதி. 25 ஜோடி கேபிளில் நிறமே எண்ணைச் சொல்லும்: வெள்ளை-நீலம் முதல் ஜோடி, ஊதா-சாம்பல் கடைசி ஜோடி. தெரியாததற்கு “தெரியவில்லை” என்றே எழுதுங்கள். காலியாக விட்டால் அடுத்து வருபவர் அதை உபயோகத்தில் இல்லாத ஜோடி என்று எடுத்துக்கொள்வார். இதன் அச்சுப் பிரதி ஒன்று பலகையின் கதவுக்குள்ளேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்களுக்கு நேர்மாறான சிக்கல். மாதாமாதம் ஒரு எண்ணுக்குப் பணம் கட்டுகிறோம், பலகையில் அப்படி ஒரு லைனே இல்லை.

அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். உங்கள் வரவேற்பறையிலேயே மணி அடித்தால், எக்ஸ்சேஞ்சிலேயே ஃபார்வர்ட் செய்யப்பட்ட எண்ணாக இருக்கலாம், அதற்கு ஒயர் தேவையில்லை. பழைய முகவரியிலிருந்து மாறி வந்தபோது போட்டிருப்பார்கள். ரத்து செய்யும் முன் அந்த எண் பழைய விசிட்டிங் கார்டிலோ ரசீதிலோ இருக்கிறதா என்று பாருங்கள், அதில் மாதத்துக்கு எத்தனை அழைப்பு வருகிறது என்று சேவை கொடுப்பவரிடமும் எழுத்தில் கேளுங்கள்.