ஆப் சொல்லும் கலோரியும் அடுப்படிக் கணக்கும்

கே: வயது 42, உயரம் 155 செ.மீ., எடை 62 கிலோ. ஒரு ஆப் தினமும் 1,460 கலோரி போதும் என்கிறது. இன்னொன்று 1,890 என்கிறது. எதை நம்புவது?

ப: நீங்களே போட்டுப் பாருங்கள். எடையை 10 ஆல் பெருக்கினால் 620. உயரத்தை 6.25 ஆல் பெருக்கினால் 969. இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கான 210ஐக் கழித்து, பெண் என்பதால் இன்னும் 161ஐக் கழித்தால் 1,218. (ஆண்கள் 161ஐக் கழிக்காமல் 5ஐக் கூட்டவேண்டும்.) இது 1990இல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம். நாள் முழுக்கச் சும்மா படுத்துக் கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல் எல்லாம் இயங்க ஆகும் செலவு அது.

ஆப்கள் பிரிவது அடுத்த படியில். உட்கார்ந்தே இருப்பவர் என்று குறித்தால் 1.2 ஆல் பெருக்கும். ஓரளவு உடற்பயிற்சி என்று குறித்தால் 1.55 ஆல். அந்த ஒரு டிக்கில் நானூறு கலோரி! சாயங்காலம் மொட்டை மாடியில் பத்து நிமிஷம் உலாத்துவதை உடற்பயிற்சி என்று குறிப்பவர்களே அதிகம். 1.2இல் தொடங்குங்கள். மூன்று வாரம் எடை பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு ஆகாது.

கே: நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடுமாமே?

ப: இல்லை. 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டோரை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, உடல் அளவைக் கணக்கில் கொண்டால் 20 முதல் 60 வரை பெரிய மாற்றமில்லை என்றது. குறைந்தது நம் நடைதான்.

கே: 1,400 கலோரிக்கு மேல் நான் சாப்பிடுவதே இல்லை. எடை அசையமாட்டேன் என்கிறதே?

ப: வீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு எண்ணெய்? இதே குறையோடு வந்த ஒருவரிடம் கேட்டேன். மூன்று பேர், நாலு லிட்டர் என்றார். லிட்டருக்குச் சுமார் 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி. ஆளுக்கு நாளொன்றுக்கு 360க்கு மேல் வருகிறது. அவர் நோட்டில் “தோசை 3, சட்னி” என்று இருந்தது. தோசையைச் சுற்றி விட்ட எண்ணெயும், இட்லிப்பொடியில் குழைத்த நல்லெண்ணெயும் எங்கேயும் இல்லை. ஒரு வாரம் கரண்டியை விட்டுவிட்டு டீஸ்பூனால் ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூனுக்கு 45 என்று எழுதுங்கள். தைராய்டு டெஸ்ட் எடுக்க அப்புறம் போகலாம்.