குழந்தை மருத்துவம் முடித்துவிட்டு அமெரிக்காவில் ஆராய்ச்சிக்குப் போக என்ன நிதியுதவி இருக்கிறது?

பணத்தைவிட நேரம்தான் பெரிய பிரச்சினை. வார்டு, ஓபி, நைட் டியூட்டி போக மிஞ்சும் நேரத்தில் நோயாளிகளைச் சேர்த்து ஆய்வு நடத்துவதெல்லாம் நடக்காத காரியம்.

அதனால்தான் என்ஐஎச் (அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) தரும் கே23 என்ற நிதி விருதுக்கு இவ்வளவு போட்டி: நோயாளிகளை நேரடியாக வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கானது, 3 முதல் 5 வருடம் வரை வரும், பொதுவாக வேலை நேரத்தில் 75 சதவீதத்தை ஆராய்ச்சிக்கே ஒதுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அதில் வரும் தொகை டாக்டர் சம்பளத்துக்குப் பெரும்பாலும் பத்தாது, மீதியை நீங்கள் வேலை செய்யும் மருத்துவத் துறைதான் போட வேண்டியிருக்கும். அதை வேலையில் சேருவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

அதற்கு முந்தைய படி கே12, இதுவும் என்ஐஎச் விருதுதான். இது குழந்தை மருத்துவத் துறைக்கு வரும் பணம், அவர்களே இளம் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே எந்த ஊர் என்று பார்ப்பதைவிட எந்தத் துறையிடம் கே12 இருக்கிறது என்று பாருங்கள்.

படிப்புக் கடன் இருக்கிறதா? என்ஐஎச் கடனடைப்புத் திட்டத்தில் குழந்தைநல ஆராய்ச்சிக்குத் தனிப் பிரிவே உண்டு, வருடத்துக்கு 50,000 டாலர் வரை.

அப்புறம் விசா. கே23-க்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். ஜே1, எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் கே99 (பயிற்சி நிலையிலிருந்து சொந்தமாக ஆய்வு நடத்தும் நிலைக்கு மாற உதவும் என்ஐஎச் விருது) பக்கம் போகலாம், அதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.