பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் தேவையா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1973ஆம் ஆண்டு ஃபோர்டு கோர்டினா மார்க் 3 இப்போது என்னிடம் உள்ளது. குடும்பத்துடன் டர்பன் அருகிலுள்ள ஃபீல்ட்ஸ் ஹில் சரிவு வழியாகப் பைன்டவுனுக்கு இறங்கும்போது பாதி வழியிலேயே பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. வண்டியும் இடப்பக்கம் இழுக்கிறது. பின் சக்கர ட்ரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் மாட்டச் சொல்கிறார் நண்பர். மாட்டலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. தாங்கள் எழுதியுள்ள இரண்டு குறைகளுக்கும் பின் ட்ரம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. நீண்ட இறக்கத்தில் பெடல் இப்படி அமுங்குவது பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாவதால்தான். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்று தரவிதி கேட்கிறது, ஈரம் ஏறிய ஆயிலுக்கோ 155 டிகிரி தாங்கினால் போதும் என்கிறது. டர்பனைப் போன்ற புழுக்கமான கடற்கரை நகரத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அதை மாற்றியே ஆக வேண்டும். வண்டி இடப்பக்கம் இழுக்கிறதென்றால் வலப்பக்க முன் சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்: அங்கே சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம், அல்லது ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி ஆயிலைத் தடுத்துக்கொண்டிருக்கலாம்.

பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் சக்கரங்களே ஏற்கின்றன. தங்கள் வண்டியில் அவற்றுக்கு ஏற்கெனவே டிஸ்க்தான் உள்ளது. பின் ட்ரம்மைக் கழற்றி, ட்ரம்மின் உட்சுவரில் உரசிப் பிடிக்கும் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் நனைந்திருந்தால் சிலிண்டரையும், ஆயில் பட்ட ஷூக்களையும் இருபக்கமும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2008இல்தான் ஆஸ்பெஸ்டாஸ் தடைசெய்யப்பட்டது என்பதால் பழைய ஷூக்களில் அது இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இதில் மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

பெரிய எஞ்சின் ஏற்றி வேகமாக ஓட்டுவோர் பின்புறமும் டிஸ்க் விரும்புவதில் நியாயம் உண்டு. ஆனால் பழைய வண்டிக் கிடங்கில் வாங்கிய காலிப்பரைத் தகடு வெட்டிப் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடாது. ட்ரம்முக்குள் ஒரு ஷூவாவது சக்கரத்தின் சுழற்சியாலேயே தானாக இறுகும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லாததால் கூடுதல் அழுத்தமும், பெரிய பிஸ்டன் என்றால் கூடுதல் ஆயிலும் தேவைப்படும். பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ட்ரம்முக்காகக் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருந்தால் அதை நீக்காவிட்டால் டிஸ்க்கை அழுத்தும் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது முன்பின் சமநிலை: மழையில் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். எனவே பின்புற அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைப் பொருத்தி, ஆளில்லாத இடத்தில் சோதித்துச் சரிசெய்ய வேண்டும். 13 அங்குலச் சக்கரத்துக்குள் காலிப்பர் இடிக்காமல் அடங்குமா என்பதையும் வாங்குமுன் அளந்து பாருங்கள். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் அவசியம்.

கேள்வி: என் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டில் பின் டிஸ்க் மாட்டியாயிற்று. ஹேண்ட்பிரேக் சரிவில் நிற்கவில்லை. வண்டி சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையிலும் தேறவில்லை. பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் தாழ்ந்தே உள்ளது.
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முதலில் ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் உள்ளதா என்று பாருங்கள். இடது காலிப்பரை வலப்பக்கம் மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும். மேலே தங்கிய காற்று எவ்வளவு முயன்றாலும் வெளியேறாது. அடுத்து, ஹேண்ட்பிரேக் கேபிளை முழுவதும் தளர்த்தி, காலிப்பரிலுள்ள நெம்புகோல் இரண்டு பக்கமும் தன் நிறுத்தத்தில் போய் உட்காருகிறதா என்று கவனியுங்கள். கேபிளை முன்கூட்டியே இறுக்கிவிட்டால், பேட் தேயத் தேயத் தானாகச் சரிசெய்துகொள்ளும் உள்ளமைப்பு இயங்காது. பெடலைப் பலமுறை மிதித்துப் பேட் டிஸ்க்கை நெருங்கிய பிறகே கேபிளைச் சேர்க்க வேண்டும். இவ்வகைக் காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். பேட் மாற்றும்போது கிளாம்ப் வைத்து நெருக்கியிருந்தால் உள்ளே உள்ள திருகே கெட்டிருக்கும், அப்போது காலிப்பரையே மாற்ற வேண்டும்.