குமரிக்குப் போங்கள்; அந்தத் திட்டத்தோடு வேண்டாம்

கேள்வி: பள்ளி திறக்க இன்னும் சில நாள்தான். மலை ஊர்களில் கூட்டம் என்பதால், மே கடைசி ஞாயிறும் திங்களும் கன்னியாகுமரி போக நினைக்கிறோம். ஞாயிறு விவேகானந்தர் பாறைக்குப் படகு, மாலையில் முக்கடல் முனையில் சூரிய அஸ்தமனம். திங்கள் பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி. கிளம்பும் முன் ஆளில்லாத கடற்கரையாகப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஒரு கடல் குளியல். சரிதானே? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஊர் சரி. திட்டத்தைத்தான் தலைகீழாக மாற்ற வேண்டும்.

முதலில் கிழமை. திங்களன்று பத்மநாபபுரம் பூட்டிக் கிடக்கும். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில் என்றாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம்; அவர்களுக்கு வார விடுமுறை திங்கள். ஞாயிற்றுக்கிழமையோ படகுத்துறை வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். செவ்வாய், புதன் என்று தள்ளிவையுங்கள்.

அடுத்தது அஸ்தமனம். மே மாதத்தில் முனையில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் கடலில் இறங்காது, கரைக்குப் பின்னால்தான் மறையும். கோடையில் சூரியன் வடமேற்கே நகர்ந்துவிடும். முனையிலிருந்து கடற்கரையும் அதே பக்கமாகத்தான் வளைந்து போகிறது. ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை இதே கதைதான். உதயத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. காலை ஆறு மணிவாக்கில் முனையிலேயே, மேகம் விட்டால், கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம்.

அஸ்தமனத்துக்கு முட்டம் போங்கள். அங்கே கரை இன்னும் வடக்காகத் திரும்புவதால் மே மாதத்துச் சூரியனும் கடலில்தான் விழும். மணக்குடி, ராஜாக்கமங்கலம் வழியாகக் கடலோரச் சாலையில் ஒரு மணி நேரம் ஆகும். ஐந்தரைக்கு அங்கே இருந்தால் கலங்கரை விளக்கம், செம்மண் மேடு, பாறைகள் எல்லாம் பார்த்துவிட்டு ஆறரைக்கு உட்காரலாம். ஆட்டோவிலோ காரிலோ ஏறும்போது ‘சின்னமுட்டம் இல்லை, முட்டம்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். சின்னமுட்டம் கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே, கிழக்குக் கரையில் இருக்கும் துறைமுகம். அங்கே நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் மறையும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்த வரி: ஆளில்லாத கடற்கரையில் குளியல். வேண்டவே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரையில் கள்ளக்கடல் வரும். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசும் புயல்காற்று கிளப்பும் நீண்ட அலைகள் சில நாள் பயணப்பட்டு இங்கே வந்து ஏறுகின்றன. இங்கே காற்றே இருக்காது, வானம் வெளுத்திருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சாதாரண அலைகளுக்கு நடுவே திடீரென்று ஒன்று கரைமேட்டையே தாண்டி ஏறும். ஏறியதைவிட, திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுப்பதுதான் ஆபத்து. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் போனார்கள். எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்னும் கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன்பும், குமரியில் இருக்கும்போது தினமும் காலையிலும் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் மணலில்கூட இறங்காதீர்கள். இல்லாத நாளிலும் கால் நனைப்பதோடு சரி, அதுவும் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் மேல் ஏறிப் படமெடுக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பாசி பிடித்த கல். வழுக்கினால் இடுக்கில் சிக்கிக்கொள்வீர்கள்.

படகுக்கு வருவோம். உதயம் பார்த்த கையோடு வரிசையில் நின்றுவிடுங்கள். கடல் கொந்தளித்தாலும், நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகு விடும் அரசு நிறுவனமான பூம்புகார் கப்பல் கழகம் படகை நிறுத்திவிடும். நீர் தாழும்போது முதலில் அடிபடுவது திருவள்ளுவர் சிலைப் பயணம்தான். 2024 டிசம்பர் 30-ல் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்தக் கவலை குறைந்தது. விவேகானந்தர் பாறையில் இறங்கினால் 77 மீட்டர் நடந்து சிலைக்குப் போய்விடலாம்.

புதன்கிழமை அரண்மனை. காலையில் திறந்ததுமே உள்ளே போனால், மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் நெரிசல் இல்லாமல் நிற்கலாம். வண்ண மைக்காத் தகடு பதித்த சாளரங்கள் வழியே கருந்தரையில் விழும் வெளிச்சத்தைக் கூட்டத்தில் பார்க்க முடியாது. அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில் 28 தூண்களில் நிற்கும் கால்வாய். பக்கத்திலேயே நடைபாதை உண்டு, அகலம் குறைவு. உயரம் என்றால் தலை சுற்றுபவர்கள் கீழே இருந்தே பார்க்கட்டும். திற்பரப்பில் தண்ணீர் விழுவது மழையையும் பேச்சிப்பாறை அணையில் திறப்பதையும் பொறுத்தது. விசாரித்துவிட்டுப் போங்கள், வறண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. கிழக்குக் கரையில் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், சின்னமுட்டம் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். முட்டம், குளச்சல் பக்கம் மேற்குக் கரைக் கணக்கு. அங்கே தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும். ஆகவே மீன் சாப்பாட்டை முட்டம் போகும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கும்போது பழுத்ததும் காயுமாகக் கலந்து கேளுங்கள். முழுக்கப் பழுத்ததை வாங்கினால் திண்டுக்கல் வருவதற்குள் நசுங்கிவிடும்.