வைஃபை டாங்கிள் வாங்கலாமா, கையில் உள்ள போனே போதுமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் லேப்டாப்பில் ஆன்லைன் வகுப்பு பார்க்கிறாள். வகுப்பு பாதி நடக்கும்போதே டேட்டா தீர்ந்துவிடுகிறது, வீடியோவும் நின்று நின்று வருகிறது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் வைஃபை டாங்கிள் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். டாங்கிளும் உங்கள் போனைப் போலவே ஒரு சிம் கார்டைப் போட்டு, செல்போன் டவரிலிருந்து இணையத்தை எடுத்துத்தான் வைஃபையாகக் கொடுக்கிறது. அதே நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் டவரும் அதேதான். போன் தடுமாறுகிற வீட்டில் டாங்கிள் மட்டும் பிரமாதமாக ஓடிவிடாது. அதற்கென்று மாதாமாதம் தனி ரீசார்ஜும் செய்ய வேண்டும்.

நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லையும் ஒன்றாகவே இருக்கலாம். தினசரி டேட்டா பிளான்கள் பலவற்றில் அன்றைய அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அந்த வேகத்தில் வீடியோ ஓடவே ஓடாது. அதனால் டேட்டா எதில் கரைகிறது என்று முதலில் பாருங்கள். வீடியோ வகுப்பு தெளிவான படத்தோடு ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி வரை போகும். பாடம் கேட்கும் நேரத்தில் மகள் தன் கேமராவை அணைத்து வைத்து, படத்தின் தரத்தையும் குறைத்துக்கொண்டால் இது நன்றாகவே குறையும்.

பலர் கவனிக்காத விஷயம் இன்னொன்று. லேப்டாப்புக்கு உங்கள் ஹாட்ஸ்பாட்டும் ஒன்றுதான், அளவில்லாத பிராட்பேண்டும் ஒன்றுதான். வைஃபை கிடைத்தது என்று விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கிவிடும், படங்களை கிளவுடில் ஏற்றும். வகுப்பு நடக்கும்போதே இதெல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். லேப்டாப் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ (அளவான டேட்டா உள்ள இணைப்பு) என்பதை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஒரு முறை செய்தால் போதும். காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், போனை வைக்கும் இடம். தகரக் கூரையும் கான்கிரீட் சுவரும் டவர் சிக்னலை நன்றாகவே மறைக்கும். போனும் லேப்டாப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஹாட்ஸ்பாட்டின் பெரிய வசதியே அதுதான். சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் போனை வைத்துவிட்டு, மகள் உள்ளறையில் உட்கார்ந்து படிக்கலாம். வெயில் நேராகப் படாத ஜன்னலாகப் பாருங்கள், ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். இடையில் சுவர் இருந்தால் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4 கிகாஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள், அது சுவரைத் தாண்டி எட்டும். ஒரே அறை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சார்ஜ் நிற்கவில்லை என்றால் போனை லேப்டாப்போடு கேபிளில் இணைத்து, கேபிள் வழியாகவே இணையம் கொடுக்கும் ‘யுஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய்யலாம். இணைப்பு சீராக இருக்கும், போனும் சார்ஜ் ஏறும். பாஸ்வேர்டு மட்டும் சுலபமாக ஊகிக்கிற மாதிரி வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டால் கரைவது உங்கள் டேட்டா.

நீங்கள் போனை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினால் வகுப்பு நின்றுபோகும் என்பது நியாயமான சிக்கல்தான். அதற்கும் டாங்கிள் கடைசி வழிதான். திரை கீறிய பழைய 4ஜி போன் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதில் ஒரு சிம் போட்டு வையுங்கள், அதுவே டாங்கிள் வேலையைச் செய்யும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைத் தொடாதீர்கள். டாங்கிள்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால், எல்லா நிறுவன சிம்மும் ஓடுமா, ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: தனுஷ்கோடியில் கடை வைத்திருக்கிறேன். போன் சில நேரம் இலங்கை நெட்வொர்க்கைக் காட்டுகிறது. ஹாட்ஸ்பாட் போட்டால் கூடுதல் பணம் போய்விடுமா?

பதில்: தலைமன்னார் கடலுக்கு அந்தப் பக்கம்தானே, அங்கிருந்து சிக்னல் வருவதில் வியப்பில்லை. உங்கள் சிம்மில் சர்வதேச ரோமிங் வசதி, அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்கைப் பயன்படுத்தும் வசதி, இயங்கிக்கொண்டிருந்து, போனில் ‘டேட்டா ரோமிங்’கும் ஆனில் இருந்தால்தான் ஆபத்து. டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்யுங்கள். நெட்வொர்க் தேர்வில் ‘ஆட்டோமேட்டிக்’ என்பதை எடுத்துவிட்டு உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். போஸ்ட்பெய்டு சிம் என்றால் இன்றே செய்துவிடுங்கள்.

கேள்வி: மண்டபம் பக்கம் எங்கள் வீட்டில் சிக்னலே சரியில்லை. சிக்னல் பூஸ்டர் வைத்தால் ஹாட்ஸ்பாட் வேகமாகும் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அனுமதி இல்லாமல் மொபைல் சிக்னல் பூஸ்டரை வாங்குவதும், வைத்திருப்பதும், பயன்படுத்துவதும் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, அது சுற்றியுள்ளவர்களின் சிக்னலையே கெடுத்துவிடும். ஓர் ஊரில் பலருக்குத் திடீரென்று கால் கட்டாகிறது என்றால் இப்படி ஒரு கருவி காரணமாக இருக்கலாம். கடலுக்குப் போனவர்களின் அழைப்புக்காக வீடுகள் காத்திருக்கும் கரையில் இதை யாரும் செய்யக் கூடாது. அக்கம்பக்கத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று விசாரித்து, எண் மாறாமல் அதற்கு மாறிக்கொள்ளுங்கள். 1900க்கு குறுஞ்செய்தி அனுப்பினால் அதற்கான குறியீடு வரும். இப்போதைய நிறுவனத்தில் புகார் செய்ய 198. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள், மேல்முறையீட்டுக்குப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பூஸ்டரை ஏற்கெனவே வாங்கிவிட்ட வாசகர்கள், விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.